ஒரே துப்பாக்கிக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பழி முழுவதும் சுங்க வரியின் தலையில்தான் விழுகிறது. ஒரு நாட்டில் வரி குறைவு, அதனால் மலிவு. இன்னொன்றில் வரி அதிகம், அதனால் யானை விலை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இறக்குமதி உரிமங்களையும் சரக்கு ஆவணங்களையும் விலைப்பட்டியல்களையும் அன்றாடம் கையாளுகிறவர்கள் நாங்கள். அந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மை இருக்கிறது. மீதி இரண்டு பங்கு எங்கே போகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. ஆலை வாசலில் 100 என்ற விலையில் ஒரு கைத்துப்பாக்கி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாகவும் இருக்கட்டும். கொள்முதல் பெரிய அளவில் நடக்கும் ஒரு நாட்டில், கப்பல் கட்டணமும் ஆவணச் செலவும் ஒரு துப்பாக்கிக்கு 2 ஆகிறது. சுங்க வரி 3. ஆக 105. இறக்குமதியாளர் 12 சதவீதம் வைத்து 117.60-க்குக் கொடுக்கிறார். அதன் மேல் 10 சதவீதம் கலால் வரி சேர்ந்து 129.36 ஆகிறது. மொத்த வியாபாரி 6 சதவீதம், கடைக்காரர் 15 சதவீதம் வைத்தபின் 157.69. கடைசியில் 7 சதவீத விற்பனை வரி. வாங்குபவர் கையில் ஏறத்தாழ 169.

அதே துப்பாக்கி, ஆண்டுக்குச் சில டஜன் மட்டும் விற்கும் இன்னொரு நாட்டுக்குப் போகிறது. கப்பல், காப்பீடு, அனுமதிக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கு 20. அடக்கம் 120. அந்த 120-இன் மேல் 20 சதவீதச் சுங்க வரி, அதாவது 24. இப்போது 144. குழல் சோதனை, முத்திரை, சுங்கம் விடுவிக்கும் வரை சரக்கு காத்திருக்கும் பிணைக் கிடங்கின் வாடகை என்று இன்னும் 8 சேர்ந்தால் 152. இறக்குமதியாளர் 30 சதவீதம், கடைக்காரர் 25 சதவீதம் வைத்தால் 247. மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். வாங்குபவர் கொடுப்பது 296.

இனி, இரண்டாவது நாட்டில் சுங்க வரியை முழுவதும் நீக்கிப் பாருங்கள். விலை 250-க்கு இறங்கும். அவ்வளவுதான்; 169-ஐ எட்டிப் பிடிக்காது. வரியை அப்படியே விட்டுவிட்டு, சரக்கை மட்டும் பெரிய அளவில் தருவித்து அந்த 20-ஐ 2 ஆக்குங்கள். விலை 254. அதையும் விட்டுவிட்டு, வியாபாரிகளின் லாப விகிதத்தை மட்டும் முதல் நாட்டின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். விலை 249. மூன்றும் ஏறக்குறைய சம எடை. வரியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் மற்ற இரண்டையும் பார்ப்பதே இல்லை.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஆரம்பத்தில் கூடுதலாகச் சேர்ந்த 18, வாங்குபவரிடம் வரும்போது 42 ஆகிவிடுகிறது. காரணம், ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய மொத்தத்தின் மேல் சதவீதம் போடுகிறது. சுங்க வரி கப்பல் கட்டணத்தின் மேல், லாபம் சுங்க வரியின் மேல், மதிப்புக் கூட்டு வரி லாபத்தின் மேல். வரிக்கு வரி, லாபத்துக்கு வரி, வரிக்கு லாபம். ஆலையில் இருந்து துறைமுகத்துக்குள் ஏற்படும் சிறு செலவுதான் கடைசியில் பெரிய சுமையாகிறது. எந்த மதிப்பின் மேல் சுங்க வரி போடுவது என்பதிலும் நாடுகள் மாறுபடுகின்றன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்றவை ஏற்றுமதித் துறைமுக மதிப்பின் மேல் போடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் கப்பல் கட்டணம், காப்பீடு சேர்ந்த மதிப்பின் மேல் போடுகின்றன. சதவீதம் ஒன்றாகவே இருந்தாலும் தொகை ஒன்றாக இராது.

சரக்கு ஏன் ஒரு நாட்டுக்குத் துப்பாக்கி ஒன்றுக்கு 2-லும் இன்னொரு நாட்டுக்கு 20-லும் வருகிறது? தூரத்தைச் சொல்வார்கள். தூரம் அற்பம். ஆவணம்தான் காரணம். ஒரு சரக்குக்கு ஆகும் நிலையான செலவு 3,000 என்று கொள்வோம். உரிம விண்ணப்பம், துப்பாக்கி கடைசியில் யாரிடம் சேரும் என்று உறுதி சொல்லும் இறுதிப் பயனாளர் சான்றிதழ், அதற்கான தூதரக ஒப்பம், இடைவழி நாடுகளின் அனுமதி, ஆயுதச் சரக்கை ஏற்கச் சம்மதிக்கும் கப்பல் நிறுவனத்தைத் தேடிப் பிடிப்பது, காவலோடு உள்நாட்டுப் போக்குவரத்து. இவை 500 துப்பாக்கி வந்தாலும் ஒன்றுதான், 30 வந்தாலும் ஒன்றுதான். 500-க்குப் பிரித்தால் தலைக்கு 6. 30-க்குப் பிரித்தால் தலைக்கு 100. ஆலை விலை 500 என்றால் முதலாவது ஒன்றே கால் சதவீதம்கூட இல்லை. இரண்டாவது 20 சதவீதம்.

நடைமுறை எப்படிப் போகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் செலவு ஏன் குறையாது என்பது விளங்கும். முதலில் வாங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதி கிடைக்க வேண்டும். அதைக் காட்டித்தான் விற்கும் நாட்டில் ஏற்றுமதி அனுமதி கேட்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டு 258-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதியும், வழியில் உள்ள நாடுகளுக்கு ஆட்சேபம் இல்லை என்ற உறுதியும் தேவை. இடைவழி நாட்டிடம் கேட்டு 20 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று கொள்ளலாம். விண்ணப்பத்தைத் தீர்க்க 60 வேலை நாட்கள் வரை எடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் 90 வரை போகலாம். வார விடுமுறைகளையும் சேர்த்தால் நான்கு மாதம். மேலும், ஏற்றுமதி அனுமதியின் காலம் இறக்குமதி அனுமதியின் காலத்தைத் தாண்டக்கூடாது. ஆறு மாதத்துக்கு மட்டும் இறக்குமதி அனுமதி தரும் நாடு என்றால், விண்ணப்பம் மேசை மேசையாக நகர்வதற்குள்ளேயே பெரும்பாதி காலம் கரைந்துவிடுகிறது. காலாவதியானால் எல்லாம் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

எங்கே கெடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் எழுத்தில்தான். இறக்குமதி அனுமதியில் ‘9 மி.மீ. லூகர்’ என்றும் விலைப்பட்டியலில் ‘9×19’ என்றும் இருக்கும். இரண்டும் ஒரே தோட்டாவின் பெயர்கள்தாம். ஆனால் சுங்க அதிகாரி முன்னால் இருப்பது இரண்டு வேறு எழுத்து. குழல் நீளம் அனுமதியில் அங்குலத்திலும் பெட்டிச் சீட்டில் மில்லிமீட்டரிலும் இருந்து, முழு எண்ணாக்கும்போது ஒரு மில்லிமீட்டர் மாறியிருக்கும். வரிசை எண்ணில் பூஜ்யமும் ‘ஓ’ என்ற எழுத்தும் இடம் மாறியிருக்கும். உதிரிக் குழலையும், தோட்டாக்களை அடுக்கிச் செருகும் தோட்டாக் கூட்டையும் துப்பாக்கியோடு ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ஆனால் சுங்க அட்டவணையின் 93-ஆம் அத்தியாயத்தில் கைத்துப்பாக்கிக்கு 9302, வேட்டை மற்றும் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கு 9303, உதிரி பாகங்களுக்கு 9305, தோட்டாக்களுக்கு 9306 என்று தனித்தனித் தலைப்பு உண்டு. இவற்றில் எது நேர்ந்தாலும் சரக்கு பிணைக் கிடங்கில் நிற்கும். ஆயுதம் என்பதால் சாதாரணக் கிடங்கில் வைக்க முடியாது; பூட்டறை வாடகை நாள் கணக்கில் ஓடும். திருத்திய ஆவணம் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். அனுபவமுள்ள இறக்குமதியாளர் இந்த ஆபத்தை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிடுவார். சேர்க்காதவர் இரண்டாவது சரக்கை எடுக்க நிலைக்க மாட்டார்.

பணமும் அதில் முடங்குகிறது. ஆயுத வியாபாரம் என்றாலே பல வங்கிகள், விற்பவருக்குப் பணம் சேரத் தாமே பொறுப்பேற்கும் கடன் உறுதிக் கடிதம் கொடுக்கத் தயங்குகின்றன. சிறிய இறக்குமதியாளர் முழுப் பணத்தையும் முன்பணமாகக் கட்டுகிறார். பிறகு அனுமதிக்குக் காத்திருந்து, சரக்கு வந்து, உரிமம் உள்ள ஒருவர் வாங்கும் வரை ஓராண்டு ஆகலாம். ஓராண்டு முடங்கும் பணத்துக்கு 30 சதவீத லாபம் என்பது பேராசை அல்ல. வாரத்துக்கு நூறு துப்பாக்கி நகரும் நாட்டில் 12 சதவீதம் போதும். பணம் ஆண்டுக்குப் பலமுறை சுழல்கிறது.

அடுத்தது, சட்டம் துப்பாக்கியின் உருவத்தையே மாற்றுவது. விலை வேறுபாட்டில் இதைப் போலக் கவனிக்கப்படாத விஷயம் வேறில்லை. அமெரிக்கா 1968-இல் கொண்டுவந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இறக்குமதியாகும் கைத்துப்பாக்கி ‘விளையாட்டுப் பயன்பாட்டுக்கு’ ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது. அதை அளக்க ஒரு மதிப்பெண் படிவம் உண்டு. நீளம், எடை, தோட்டாவின் அளவு, பாதுகாப்பு அமைப்புகள், குறிபார்க்க உதவும் சரிசெய்யக்கூடிய காட்டி, பிடியின் வடிவம், சுடும்போது விரலால் இழுக்கும் விசையின் தன்மை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். 75 எடுத்தால்தான் உள்ளே வரலாம். வால்தர் நிறுவனத்தின் பிபிகே என்ற சிறிய கைத்துப்பாக்கி இதில் தேறவில்லை. நிறுவனம் என்ன செய்தது? பிபிகேயின் மேல்பகுதியையும் குழலையும், சற்றுப் பெரிய பிபி மாதிரியின் சட்டகத்தின் மேல் பொருத்தியது. உயரமும் எடையும் கொஞ்சம் கூடின. எடையில் வித்தியாசம் சுமார் 50 கிராம். பிபிகே/எஸ் என்ற அந்தப் புதிய மாதிரி தேறிவிட்டது. குளாக் 19 கைத்துப்பாக்கியில் விசையின் முகப்பில் வரிவரியாகக் கோடுகள் இருப்பதும் இதே மதிப்பெண்ணுக்காகத்தான். அதைவிடப் பெரிய குளாக் 17-இல் விசை வழவழப்பாகவே இருக்கும். அதற்குக் கூடுதல் மதிப்பெண் தேவைப்படவில்லை. பயன்பாட்டுக்காக இல்லாமல் படிவத்துக்காக ஒரு பாகம் மாறுகிறது. மாறிய பாகத்துக்கு அச்சு வேண்டும், தனி இருப்பு வேண்டும், தனி உதிரி எண் வேண்டும்.

இந்தச் சட்டம் இறக்குமதியை மட்டுமே தொடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதே பிபிகேயை அமெரிக்காவிலேயே செய்தால் மதிப்பெண் படிவம் குறுக்கே வராது. 1980-களில் அங்கேயே உரிமம் பெற்றுச் செய்யவும் தொடங்கினார்கள். ஐரோப்பியத் துப்பாக்கி நிறுவனங்கள் அமெரிக்காவில் ஆலை வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்திரியாவின் குளாக் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்மர்னாவில் இருக்கிறது. இத்தாலியின் பெரெட்டா டென்னசியின் கேலட்டினில் இருக்கிறது. பெல்ஜியத்தின் எஃப்என் தென் கரோலினாவின் கொலம்பியாவில் இருக்கிறது. பிரேசிலின் டாரஸ் ஜார்ஜியாவின் பெயின்பிரிட்ஜில் இருக்கிறது. ஆகவே ‘அமெரிக்காவில் இறக்குமதித் துப்பாக்கி எவ்வளவு மலிவு பாருங்கள்’ என்று காட்டப்படும் துப்பாக்கிகளில் பல, கப்பல் ஏறாமலே கடைக்கு வந்தவை. அந்த விலையை, உண்மையாகவே கடல் கடந்து வரும் துப்பாக்கியின் விலையோடு ஒப்பிடுவது தவறு.

தோட்டாவின் அளவு பற்றிய சட்டங்கள் இன்னும் நேரடியாக விலையைத் தாக்குகின்றன. இராணுவம் பயன்படுத்தும் அளவைப் பொதுமக்களுக்குத் தடுக்கும் நாடுகள் பல. இத்தாலியில் 9×19 கைத்துப்பாக்கி பொதுமக்களுக்கு வெகுகாலம் தடை. 2021-இன் இறுதியில் வந்த சட்டம்தான் அதை நீக்கியது. அதுவரை அங்கே 9×21 அளவுதான் விற்றது. அந்தத் தோட்டாவின் உறை 2 மில்லிமீட்டர் கூடுதல் நீளம். ஆனால் குண்டு உள்ளே இறங்கி உட்காருவதால் முழுத் தோட்டாவின் நீளம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் தோட்டாக் கூடு மாற வேண்டியதில்லை, மேல்பகுதியும் மாற வேண்டியதில்லை. குழலின் அறையை மட்டும் ஆழமாக வெட்டினால் போதும். மலிவான மாற்றம். மெக்சிகோவில் பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் மேல்வரம்பு, 9×19-ஐவிடச் சிறிய .380 என்ற தோட்டா. இந்தியாவில் 9 மி.மீ., .38, .455 எல்லாம் தடைசெய்யப்பட்ட அளவுகள். உரிமம் பெற்றவருக்குக் கிடைப்பது .32 போன்றவை. உலகமே 9×19 வாங்கும் காலத்தில் .32 அளவில் ஒரு கைத்துப்பாக்கி செய்ய வேண்டுமென்றால் குழல், சுருள்வில், தோட்டாக் கூடு, பல சமயம் மேல்பகுதியும் வேறு. ஆலை அதற்காக இயந்திரங்களை நிறுத்தி, கருவிகளை மாற்றி, சிறு தொகுதியாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவு எத்தனை துப்பாக்கிக்குப் பிரியும் என்பதே விலை. ஆயிரக்கணக்கில் கேட்டால் பேசுவார்கள். நூறு கேட்டால் பல ஆலைகள் பதிலே எழுதுவதில்லை.

குழல் சோதனைக்கு வருவோம். 1914-இல் தோன்றிய சி.ஐ.பி. என்ற பன்னாட்டு நிரந்தர ஆணையத்தில் உள்ள நாடுகளில், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் அரசு ஏற்ற சோதனை நிலையத்தில் சுடப்பட வேண்டும். வழக்கமான உச்ச அழுத்தத்தைவிடக் கால் பங்குக்குக் குறையாமல் அழுத்தம் தரும் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டு, குழலும் பூட்டும் தாங்கின என்று கண்டபின் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம், ஜெர்மனியில் உல்ம், சூல், இத்தாலியில் கார்தோனே, பெல்ஜியத்தில் லியேஜ். ஓர் உறுப்பு நாட்டின் முத்திரை மற்றவற்றில் செல்லும். அமெரிக்கா உறுப்பு நாடு அல்ல. அங்கே தயாரிப்பாளர்களே சோதித்துக்கொள்கிறார்கள். எனவே இத்தாலியத் துப்பாக்கி இங்கிலாந்துக்குப் போனால் நேராகக் கடைக்குப் போகலாம். அமெரிக்கத் துப்பாக்கி போனால் முதலில் சோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். போக்குவரத்து, கட்டணம், காத்திருப்பு, சோதனையில் தேறாமல் போகும் ஓரிரண்டின் நட்டம் எல்லாம் விலையில் ஏறும். ஒரே ஊரில் ஒரே கடையில் அமெரிக்க ரைபிளும் ஐரோப்பிய ரைபிளும் எதிர்பாராத விலை வித்தியாசத்தில் நிற்பதற்கு இதுவும் காரணம். இந்தச் செலவு வீண் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். குழல் வெடித்தால் போவது கையும் கண்ணும்.

முத்திரை இன்னொரு செலவு. அமெரிக்காவுக்குள் வரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் இறக்குமதியாளரின் பெயர், ஊர், மாநிலம் பொறிக்கப்பட வேண்டும். வரிசை எண் குறைந்தது 0.003 அங்குல ஆழமும், எழுத்து 1/16 அங்குல உயரமும் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் சொன்னால் 0.076 ஆழம், 1.6 உயரம். பெரிய இறக்குமதியாளர் இதை ஆலையிலேயே, வண்ணப் பூச்சுக்கு முன்னால், லேசர் இயந்திரத்தில் பொறிக்கச் சொல்லிவிடுவார். ஒன்றுக்கு ஆகும் செலவு சில்லறை. முப்பது துப்பாக்கி வாங்குகிறவருக்காக ஆலை தனி நிரல் எழுதாது. அவர் சரக்கு வந்தபின் உள்ளூரில் பொறிக்க வேண்டும். பூச்சு முடிந்த எஃகில் பொறித்தால் அந்த இடம் துருப் பிடிக்கும். மறுபடி பூச வேண்டும். ஆழம் போதாமல் போனால் மறுபடி பொறிக்க வேண்டும். இரண்டாவது பொறிப்பு முதலாவதன் மேல் சரியாக உட்காராது. வாங்குபவர் அதைக் குறைபாடாகப் பார்ப்பார்.

போட்டி இல்லாத இடத்தில் விலை தானாக இறங்காது. மெக்சிகோவில் பொதுமக்களுக்குத் துப்பாக்கி விற்பது இராணுவத்தின் கடைகள் மட்டுமே. தலைநகரில் ஒன்று, மான்டெரே அருகே அபோடாகாவில் ஒன்று. அங்கே எது இறக்குமதியாகிறதோ அதுதான் கிடைக்கும், என்ன விலையோ அதுதான் விலை. அரசு நேரடியாக விற்காத சிறு நாடுகளிலும், ஒரு நிறுவனத்தின் துப்பாக்கியைத் தருவிக்கும் உரிமை ஒரே ஒருவரிடம் இருப்பது வழக்கம். ஆலைக்கும் அது வசதி: உத்தரவாதம், உதிரி பாகம், பழுது எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. ஆனால் விலையைக் கேட்க வேறு ஆள் கிடையாது.

இறக்குமதியே நின்றுபோன நாட்டில் கதை வேறு. அங்கே ஆலை விலைக்கும் கடை விலைக்கும் உறவே அறுந்துவிடுகிறது. இந்தியாவில் சாதாரண உரிமதாரருக்கான இறக்குமதி 1980-களின் நடுவில் நின்றுவிட்டது. பெயர் பெற்ற போட்டிச் சுடுவோர் போன்ற சிலருக்கே வழி உண்டு. அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரிவால்வர்கள்தாம் இன்றும் கைமாறுகின்றன. எண்ணிக்கை கூடாது, தேய்மானத்தால் குறையும். எனவே பாதி வாழ்நாள் முடிந்த ஒரு பழைய ரிவால்வர், வெளிநாட்டில் புத்தம் புதிதாகக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு விலைக்குப் போகிறது. இது வரியால் வந்த விலை அல்ல, பற்றாக்குறையால் வந்தது. இதே விதி பணக்கார நாட்டிலும் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 1986 மே மாதத்துக்குப் பின் பதிவான இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வாங்க முடியாது. அதற்கு முன் பதிவான எம்-16 ஒன்று இன்று 20,000 டாலரைத் தாண்டி விற்கிறது. இரும்பும் அலுமினியமும் அதே, எண்ணிக்கை உறைந்துவிட்டது.

நேர்மாறான உதாரணமும் உண்டு. பழைய சோவியத் கிடங்குகளில் இருந்த மோசின்-நாகாந்த் ரைபிள்கள், சேகரிப்போருக்கான பழம்பொருள் என்ற வகையில் அமெரிக்காவுக்குள் கொள்ளை கொள்ளையாக வந்த ஆண்டுகளில், ஒன்று 100 டாலருக்கும் கீழே கிடைத்தது. உபரி இராணுவத் துப்பாக்கியை உள்ளே விடாத நாடுகளில் அந்த விலை ஒருநாளும் வரவில்லை.

இப்போது வரிக்கே வருவோம். அதன் பங்கை நாங்கள் மறைக்கவில்லை. அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும், மற்றத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 சதவீதமும் மத்திய கலால் வரி உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்படும் நிதி அது; இந்த ஏற்பாடு 1937-இல் தொடங்கியது. இந்த வரி உள்நாட்டுத் துப்பாக்கிக்கும் உண்டு என்பதால் இறக்குமதிக்கு மட்டும் பாதகமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வரி இந்தப் பொருட்களுக்கு 3 சதவீத அளவில்தான். அங்கே பெரிய தொகை மதிப்புக் கூட்டு வரிதான்: ஜெர்மனியில் 19, ஆஸ்திரியாவில் 20, சுவீடனில் 25, ஹங்கேரியில் 27 சதவீதம். உண்மையாகவே வரி விலையைத் தீர்மானிக்கும் நாடு வேண்டுமென்றால் பிரேசிலைப் பார்க்கலாம். முதலில் இறக்குமதி வரி. அதன் மேல் தொழிற்பொருள் வரி, துப்பாக்கிகளுக்கு 29.25 சதவீதமாக இருந்ததை 2023 அக்டோபர் இறுதியில் 55 சதவீதமாக்கி ஆணை வந்தது. இதற்கு மேலும் மாநில வரி. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஆலை விலை அடியில் புதைந்துபோகிறது. இத்தகைய நாடுகள் சில. எல்லா நாடும் பிரேசில் அல்ல.

விலை ஒப்பீட்டில் மிகச் சாதாரணமான ஒரு பிழையையும் குறிப்பிட வேண்டும். ஐரோப்பியக் கடையின் விலைச் சீட்டில் வரி சேர்ந்திருக்கும். அமெரிக்கக் கடையின் சீட்டில் விற்பனை வரி சேர்ந்திராது. பணம் கட்டும்போதுதான் ஏறும். பின்லாந்தின் ரீஹிமாகியில் செய்யப்படும் டிக்கா ரைபிள், பின்லாந்துக் கடையில் இருப்பதைவிடக் கடல் கடந்து மலிவாகத் தெரிந்தால் வியப்படைய வேண்டாம். பின்லாந்துச் சீட்டில் 25.5 சதவீத வரி உள்ளே இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தபிறகுதான் பேச வேண்டும். ஏற்றுமதியாகும் துப்பாக்கிக்கு அந்த வரி கிடையாது.

நாணய மாற்று விகிதமும் சேரும். துருக்கியில் கோன்யா மாகாணத்தின் பெய்ஷெஹிர் வட்டாரத்தில் செய்யப்படும் வேட்டைத் துப்பாக்கிகள் உலகெங்கும் மலிவாகக் கிடைப்பதற்கு, அங்கே தலைமுறைகளாகத் திரண்டிருக்கும் கைத்திறனோடு லிராவின் மதிப்பு வீழ்ச்சியும் காரணம். சுவிஸ் பிராங்க் ஏறினால் சுவிஸ் துப்பாக்கி எங்கும் ஏறும். இறக்குமதியாளர் ஆறு மாதம் முன்பே விலை பேசி முன்பணம் கட்டியிருந்தால், பழைய விகிதத்திலேயே விற்பார். கட்டாதவர் புதிய விகிதத்தில். ஒரே தெருவில் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு விலை இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

தோட்டா பற்றி ஓரிரு வரி. 9 மி.மீ. தோட்டா ஆயிரம் சேர்ந்தால் ஏறத்தாழ 12 கிலோ. விலைக்கு எடை மிக அதிகம். போதாததற்கு வெடிபொருள் வகுப்பு 1.4-இல் வருகிறது. ஆபத்துச் சரக்குக் கட்டணம் தனி. அதனால்தான் துப்பாக்கியில் இரு மடங்கு வித்தியாசம் இருக்கும் நாடுகளுக்கிடையே தோட்டாவில் அதைவிடக் கூடுதலாக இருப்பதைக் காணலாம். உள்ளூரில் தோட்டா ஆலை இருக்கும் நாடு இதில் எப்போதும் முந்தி நிற்கும்.

தங்கள் நாளிதழில் இனி நாடுகளின் துப்பாக்கி விலையை ஒப்பிட்டு அட்டவணை வெளியிடும்போது சில விவரங்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, துப்பாக்கி புதியதா பழையதா, எந்த ஆலையில் செய்தது, எந்தத் தோட்டா அளவு, எந்த மாதத்து நாணய விகிதம் ஆகியவைதாம் அவை. இவை இல்லாத அட்டவணையை வைத்துச் சுங்க வரியைக் குறைக்கக் கோரினாலும் கூட்டக் கோரினாலும், அரசுக்கு எழுதுகிறவரின் கணக்கு தப்பாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
இறக்குமதி ஆவணத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்